‘ஆயுத நிறம்’ அன்று, ‘படைவகை நிறம்’

அன்புடையீர், வணக்கம்.

ஜெர்மானியத் தரைப்படையில் 1935இல் நடைமுறைக்கு வந்த விழாச் சீருடையின் உறுப்புகளுக்குத் தமிழ்ப்பெயர் தேடும் பட்டியலில், அணிந்தவர் எந்தப் படைப்பிரிவினர் என்று காட்டும் நிறத்தின் ஜெர்மன் பெயரான ‘வாஃபன்ஃபார்பெ’ என்பதற்கு ‘ஆயுத நிறம்’ என்று முன்மொழிந்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. ‘வாஃபெ’ என்றால் ஆயுதம் என அகராதி சொல்வது உண்மைதான். ஆனால் இங்கே அது காலாட்படை, குதிரைப்படை, பீரங்கிப்படை எனப் படை பிரிந்து நிற்கும் வகையைச் சுட்டுகிறது. ‘ஆயுத நிறம்’ என்று படிப்பவர் துப்பாக்கிக்குப் பூசிய சாயத்தை நினைப்பாரே தவிர, சட்டைக் கழுத்தின் ஓரத்தில் ஓடும் மெல்லிய கம்பளித் துணியை நினைக்க மாட்டார்.

தேர், யானை, குதிரை, காலாள் என்று நால்வகைப் படையைச் சொல்லிப் பழகிய மொழிக்குப் ‘படைவகை’ என்பது புதிய சொல் அன்று. ஆகவே ‘படைவகை நிறம்’ என்பதே என் பரிந்துரை. ‘படைநிறம்’ என்று சுருக்கினால் நாவுக்கு எளிதுதான். ஆனால் அது படை முழுவதற்கும் பொதுவான பசுஞ்சாம்பல் நிறத்தைக் குறிப்பதாகப் பொருள் மயங்கும்.

பழைய சீருடைகளைச் சேகரிப்பவருக்கு இந்த நிறம்தான் முதல் சான்று. வெள்ளை என்றால் காலாட்படை, சிவப்பு என்றால் பீரங்கிப்படை, கருப்பு என்றால் பொறியாளர் படை, இளஞ்சிவப்பு என்றால் டாங்கிப் படை. மஞ்சளில்தான் சிக்கல்: பொன்மஞ்சள் குதிரைப்படைக்கும் எலுமிச்சை மஞ்சள் தகவல்தொடர்புப் படைக்கும் உரியவை. தகவல்தொடர்புப் படையினது என்று குறித்து வைக்கப்பட்டிருந்த ஓர் அதிகாரியின் தோள் அடையாளத்தை ஒருமுறை கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். வெள்ளிச்சரட்டைச் சுற்றி வெளியே தெரிந்த துணி வெளிறி எலுமிச்சை நிறத்தில் இருந்தது. வெளிச்சம் படாத அடிப்புறமோ பழுத்த மாம்பழத் தோல் போலப் பொன்மஞ்சளாகவே இருந்தது. அன்று முதல் எதையும் அடிப்புறம் பார்க்காமல் நான் வகைப்படுத்துவதில்லை. விளக்கக் குறிப்பிலும் ‘வெளிறிய நிறம்’, ‘மூல நிறம்’ என இரண்டையும் தனித்தனியே பதிவது நல்லது.

தோள் அடையாளத்திற்கும் ஒரே சொல் போதாது. சாதாரண வீரருடையது துணியால் ஆன பட்டை. அதைத் ‘தோள்வார்’ எனலாம். அதிகாரியினுடையது சரட்டால் ஆனது: லெப்டினன்ட் முதல் கேப்டன் நிலை வரை சரடு நேராகப் படிந்திருக்கும், மேஜர் முதல் கர்னல் வரை சடைபோலப் பின்னப்பட்டிருக்கும். இதற்குத் ‘தோள்சரடு’ என்பது பொருந்தும். ‘தோள்பட்டை’ வேண்டாம், அது உடலுறுப்பின் பெயர்.

மடிப்பில் வைத்துத் தைத்து வெளியே துருத்தி நிற்கும் விளிம்புக்குக் ‘கரை’ என்று நண்பர் ஒருவர் சொன்னார். அழகான சொல்தான், ஆனால் கரை நெசவிலேயே விழுவது. இதுவோ தையலில் சேர்வது. ரவிக்கை தைக்கும் எவரும் ‘பைப்பிங்’ என்றே சொல்கிறார்கள்; அதை அப்படியே வைத்துக்கொள்வோம். வாளின் கைப்பிடியில் தொங்குவதை ‘வாள்குஞ்சம்’ எனலாம், அதில் தயக்கம் இல்லை.

கழுத்தில் தைக்கும் அடையாளத் துண்டின் ஜெர்மன் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘கழுத்துக் கண்ணாடி’ என்று வந்துவிடும். ‘வில்லை’ என்று எழுதவும் மனம் ஒப்பவில்லை, ஏனெனில் நமக்கு வில்லை என்றால் அலுவலகச் சேவகரின் டவாலியில் பளபளக்கும் பித்தளைத் தகடு. ‘கழுத்துத் துண்டு’ என்றும், அதன்மேல் இணையாக ஓடும் இரண்டு பின்னல்களைச் ‘சரிகைக்கோடு’ என்றும் சொல்லிவிடலாம்.

பட்டியலின் பொதுத் தலைப்பைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. அடையாளங்கள் அனைத்தையும் சேர்த்து ‘வீரச் சின்னங்கள்’ என்று எழுதியிருக்கிறோம். இந்தச் சீருடையின் வலது மார்பில் இருப்பது ஸ்வஸ்திகாவைக் காலில் பற்றி நிற்கும் கழுகு. நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதை ஜெர்மானியக் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு தடை செய்கிறது. கல்வி, ஆய்வு, கலை போன்ற தேவைகளுக்கு மட்டுமே விலக்கு உண்டு. அந்தக் கழுகின்மீது ‘வீரம்’ என்ற சொல்லை நாம் சூட்டக் கூடாது. தலைப்பைப் ‘படைக்குறிகள்’ என்று மாற்றும்படி வேண்டுகிறேன்.