ஒற்றை ஹம்மிங்பேர்டின் அட்டகாசம்: என்ன செய்யலாம்?

கலிபோர்னியாவின் சான் ஹோசே பக்கம் தோட்டம் வைத்திருக்கும் நண்பர்களுக்கு வணக்கம்.

அன்னா ஹம்மிங்பேர்டு என்னும், பூந்தேன் குடிக்கும் குட்டிப் பறவைகளுக்காகப் பின்கட்டில் சர்க்கரைத் தண்ணீர்க் குடுவை ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறேன். ஒரு கப் வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு கப் தண்ணீர், சாயம் சேர்ப்பதில்லை. வெயில் நாட்களில் இரண்டு நாளுக்கு ஒருமுறை கழுவி மாற்றுகிறேன்.

சிக்கல், ஓர் ஆண் பறவை. எலுமிச்சைக் கிளை நுனியில் உட்கார்ந்து காவல் காக்கிறது. தலையைத் திருப்பினால் கழுத்து ரோஜா நிறத்தில் பளீரென்று மின்னும். அழகுதான், ஆனால் வைக்கோற்போர் நாய் கதை! தானும் நிறையக் குடிப்பதில்லை, பிறரையும் விடுவதில்லை. இரண்டாவது குடுவையைப் பத்தடி தள்ளி மாட்டினேன். இப்போது இரண்டையும் சேர்த்து ஆள்கிறது. வீட்டின் மறுபக்கம், அதன் கண்ணில் படாத இடத்தில் மாட்டினால் பலன் இருக்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

அடுத்தது எறும்பு. கம்பியில் வாஸ்லின் களிம்பு தடவச் சொன்னார்கள். இறகில் ஒட்டினால் பறவைக்கு ஆபத்து என்பதால் மனம் வரவில்லை. குடுவைக்கு மேலே மாட்டும் தண்ணீர்க் கிண்ணம் (ஊரில் சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைப்போமே, அதே உத்தி) உண்மையில் உதவுகிறதா?

இந்தப் பறவைகளுக்காகச் சால்வியா பூச்செடி வைக்கவும் எண்ணம். தொட்டியில் நன்றாகப் பூக்குமா?