வேர்டிலிருந்து வந்த கறுப்பு எழுத்து நாலு கலர் ப்ளேட்டிலும் (அச்சுத் தகடு) விழுகிறது, இன்டிசைனில் எப்படிச் சரிசெய்வது?

பாம்பன் கரை:
எல்லோருக்கும் வணக்கம். சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் அக்காமார்களைப் பற்றி 32 பக்கப் புத்தகம் ஒன்றை இன்டிசைனில் (பக்கம் கட்டும் மென்பொருள்) கட்டியிருக்கிறேன். அவர்கள் சொல்லச் சொல்ல வேர்டில் அடித்த எழுத்து, மன்னார் வளைகுடாவில் எடுத்த படங்கள். உள்ளே மேப்லித்தோ (பூச்சு இல்லாத தாள்), அட்டை ஆர்ட் கார்டு (பூச்சுள்ள தடித்த தாள்). 'ஹை குவாலிட்டி பிரிண்ட்' வைத்து பிடிஎப் எடுத்து சிவகாசி அச்சகத்துக்கு அனுப்பினேன். "எழுத்து நாலு கலரிலும் வருது, படமெல்லாம் ஆர்ஜிபி (திரைக்கான கலர்), ப்ளீட் (வெட்டுக்கோட்டைத் தாண்டி நீளும் ஓரம்) இல்லை, திருத்தி அனுப்புங்க" என்கிறார்கள். திரையில் எழுத்து நல்ல கறுப்பாகத்தான் தெரிகிறது. எங்கே பார்க்க வேண்டும்?

கீழக்கரை டிடிபி:
தம்பி, முதலில் ஸ்வாட்ச் பேனலை (நிறங்களின் பட்டியல்) திறந்து பாருங்கள். 'வேர்டு_ஆர்0_ஜி0_பி0' என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். வேர்டு கோப்பைக் கொண்டுவரும்போது கூடவே வந்த ஆர்ஜிபி கறுப்பு அது. ஸ்வாப் ப்ரொஃபைலில் (அச்சு மைக்கான ஒரு நிறக் கணக்கு) அது சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று பிரியும். கூட்டினால் 300 சதவீத மை. மேப்லித்தோவில் அவ்வளவு மை சீக்கிரம் காயாது, அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். அதைவிட மோசம், ரெஜிஸ்டர், அதாவது நாலு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று விழும் பொருத்தம், ஒரு மயிரிழை விலகினாலும் ணகரத்தின் சுழிக்குள்ளே சிவப்பும் நீலமும் கசிந்து நிற்கும். சின்ன எழுத்தை யாரும் வாசிக்க முடியாது.

அந்த ஸ்வாட்சை அழியுங்கள். அதற்குப் பதிலாக எதை வைக்க என்று கேட்கும், 'பிளாக்' கொடுங்கள். பக்கத்திலேயே 'ரெஜிஸ்ட்ரேஷன்' என்று இருக்கும், பார்க்க அதுவும் கறுப்புதான். அதைத் தொடவே வேண்டாம், அது எல்லா ப்ளேட்டிலும் 100 விழும்.

அப்புறம் ஷிப்ட் எஃப்6 அடித்து செபரேஷன்ஸ் ப்ரிவ்யூவில் (ஒவ்வொரு மையையும் தனியாகப் பார்க்கும் பேனல்) கறுப்பை மட்டும் அணையுங்கள். எழுத்து மொத்தமும் காணாமல் போக வேண்டும். எங்காவது வெளிறி நின்றால் அந்த இடம் இன்னும் மாறவில்லை. பக்க எண், படக்குறிப்பு இதையெல்லாம் விட்டுவிடாதீர்கள்.

பாம்பன் கரை:
காக்கா, அதே ஸ்வாட்ச் இருந்தது, மாற்றிவிட்டேன். படக்குறிப்பில் மட்டும் ஆர்ஜிபி மிச்சம் இருந்தது, அதுவும் போய்விட்டது. ஆனால் பிடிஎப் எக்ஸ்-1ஏ (அச்சுக்கான ஒரு பிடிஎப் வகை) எடுத்தால் கடல் செத்துப்போகிறது. குருசடைத் தீவுப் பக்கம் பச்சையும் நீலமுமாகப் பளிச்சென்று இருந்த தண்ணீர் சாம்பலாகிவிட்டது. ஆழக் கடல் ஊதாவாக வருகிறது. அவர்கள் முங்கி எடுக்கிற கடல் இப்படி வந்தால் மனசு கேட்காது.

ப்ளேட் ரூம் சிவகாசி:
தம்பி, அந்தப் பளிச் பச்சைநீலம் நாலு மையில் கிடைக்காது. திரை ஒளியில் காட்டுகிறது, தாளில் மைதான் இருக்கிறது. எக்ஸ்போர்ட்டை நம்பி விடாமல் போட்டோஷாப்பில் நீங்களே மாற்றுங்கள். கன்ட்ரோல் ஒய் போட்டு ப்ரூஃப் கலரில் வைத்துக்கொண்டு வேலை செய்தால் தாளில் வருவது ஏறக்குறைய தெரியும். ஊதா வருவது மெஜந்தா சயானை நெருங்குவதால். நீலத்தில் மெஜந்தாவை சயானைவிட 30 குறைவாகவாவது வையுங்கள். ஆழமில்லாத தண்ணீரில் மெஜந்தாவை அநேகமாக எடுத்துவிட்டு மஞ்சள் கொஞ்சம் சேருங்கள். கடல் உயிரோடு வரும். அந்தப் படத்தை அட்டையில் போட முடிந்தால் போடுங்கள், ஆர்ட் கார்டில் மை மேலேயே நிற்கும். மேப்லித்தோ உறிஞ்சிவிடும்.

கீழக்கரை டிடிபி:
அண்ணாச்சி சொல்வது சரி. எக்ஸ்-1ஏ எடுக்கும்போது இன்னொன்றும் பாருங்கள். அது ட்ரான்ஸ்பரன்சியை (நிழல் போல அடியில் உள்ளது தெரியும் பகுதிகள்) தட்டையாக்கிவிடும். எழுத்துக்கு மேலே நிழல் போட்ட படம் வந்தால் அந்த எழுத்தும் படத்தோடு சேர்ந்து தடித்துப்போகும். எழுத்தைத் தனி லேயரில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். அச்சகம் எக்ஸ்-4 (ட்ரான்ஸ்பரன்சியை அப்படியே வைக்கும் பிடிஎப் வகை) வாங்கும் என்றால் நான் அதையே கொடுப்பேன், இந்தத் தொல்லை கிடையாது. எதுவானாலும் அவுட்புட் பக்கத்தில் 'கன்வர்ட் டு டெஸ்டினேஷன், ப்ரிசர்வ் நம்பர்ஸ்' இருக்க வேண்டும். ப்ரிசர்வ் நம்பர்ஸ் இல்லாததைத் தேர்ந்தால், ப்ரொஃபைல் வேறாக இருக்கும்போது இப்போது திருத்திய கறுப்பு மறுபடி நாலாகப் பிரியும்.

ப்ளீட் 3 மி.மீ. டாக்குமென்ட் செட்டப்பில் போட்டு, ஓரப் படங்களை அந்தக் கோடு வரை இழுத்து, எக்ஸ்போர்ட்டில் 'யூஸ் டாக்குமென்ட் ப்ளீட்' டிக் செய்யுங்கள்.

பாம்பன் கரை:
அச்சகத்தில் கேட்டேன், எக்ஸ்-4 வாங்குகிறார்களாம். அப்படியே அனுப்பி சரிபார்த்துவிட்டார்கள். விரலில் துணி சுற்றி பாசியைப் பிடித்திருக்கிற ஒரு கையின் படம் இருக்கிறது, அதன் மேலே வருகிற பெயர்கள் இப்போது தனிக் கறுப்பில் துல்லியமாக நிற்கின்றன. ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. கடைசியாக ஒன்று: எதிரெதிர்ப் பக்கங்களைச் சேர்த்து ஸ்ப்ரெட்டாகக் கொடுக்கலாமா?

ப்ளேட் ரூம் சிவகாசி:
வேண்டாம். ஒற்றைப் பக்கங்களாக வரிசையில் கொடுங்கள், மடிப்புக்கு ஏற்றபடி நாங்கள் அடுக்கிக்கொள்வோம். அட்டை மட்டும் தனிக் கோப்பு.