‘மெனு தெல் தியா’: சொற்பட்டியலில் திருத்தம் தேவை

வணக்கம்.

ஸ்பெயின் பயணக் கையேட்டின் சொற்பட்டியலில் ‘மெனு தெல் தியா’வுக்கு ‘அன்றைய உணவுப்பட்டியல்’ என்று போட்டிருக்கிறோம். இதை நீக்க வேண்டும். ஸ்பெயின் உணவகத்தில் பட்டியலுக்குப் பெயர் ‘கார்த்தா’. ‘மெனு’ என்றால் ஒரே விலையில் வரும் முழு மதிய உணவு. நம் பதிவை நம்பிப் போகிறவர் கார்த்தாவை வாங்கி ஒவ்வொன்றாகச் சொல்வார், பில் எகிறிவிடும்.

பொருள் இதுதான்: பெரும்பாலும் திங்கள் முதல் வெள்ளி வரை, மதியம் ஒன்றரை மணியிலிருந்து மூன்றரை, நான்கு வரை. முதல் தட்டுக்கு மூன்று நான்கு வகை இருக்கும் (பருப்பு, சூப், சாலட், மக்ரோனி), ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். இரண்டாம் தட்டு மீனோ இறைச்சியோ, பக்கத்தில் வறுத்த உருளைக்கிழங்கு. ரொட்டி, ஒரு பானம், கடைசியில் இனிப்போ பழமோ காபியோ. பல ஊர்களில் 12 முதல் 16 யூரோ வரை; 10% வரியும் அதற்குள் அடக்கம்.

என் பரிந்துரை: அளவுச் சாப்பாடு.

———

> அளவுச் சாப்பாடு

பாதி உடன்படுகிறேன் ஐயா. ‘சாப்பாடு’ மிகப் பொருத்தம். நம் ஊர்ப் பலகையில் ‘சாப்பாடு தயார்’ என்றிருந்தால் யாரும் பட்டியல் என்று நினைப்பதில்லை. ஒரே விலை, எல்லாம் அடக்கம் என்று புரிந்துகொள்கிறார்கள். ‘மெனு’ அங்கே செய்யும் வேலையை இந்தச் சொல் இங்கே செய்கிறது.

‘அளவு’தான் இடிக்கிறது. அது மறுசோறு கிடையாது என்பதற்கான சொல். மெனுவின் அடையாளம் அன்றன்றைக்குச் சமைப்பது. வாசலில் உள்ள கரும்பலகையைத் தினமும் அழித்து எழுதுவார்கள். வியாழக்கிழமை என்றால் பல கடைகளில் பயேயா என்னும் சோற்று உணவு இருக்கும். ‘தெல் தியா’ (‘அன்றைய’) என்பதும் அதைத்தான் சொல்கிறது. ஆகவே ‘அன்றைச் சாப்பாடு’.

———

‘சுற்றுலாச் சாப்பாடு’ என்று முன்பு ஒருவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. 1960களின் நடுவில், சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில், மானுவேல் ஃபிராகா தகவல், சுற்றுலாத் துறை அமைச்சராக இருந்தபோது உணவகங்கள் நிலைவிலையில் ‘மெனு துரிஸ்திகோ’ தரவேண்டும் என்று விதித்தார்கள். பெயர் பின்னால் மாறியது. இன்று அதைச் சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் பக்கத்து அலுவலகத்தாரும் கட்டட வேலையாட்களும். எனவே ‘சுற்றுலா’ வேண்டாம். ‘மலிவுச் சாப்பாடு’ம் வேண்டாம், தரம் குறைந்தது என்று தொனிக்கும்.

அன்றைச் சாப்பாட்டுக்கு என் வாக்கு. துணைச்சொற்களையும் இப்போதே முடித்துவிடலாம்:

மெதியோ மெனு (இரண்டில் ஒரு தட்டு மட்டும்): அரைச் சாப்பாடு.
பிளாத்தோ கொம்பினாதோ (முட்டை, இறைச்சி, உருளைக்கிழங்கு எல்லாம் ஒரே தட்டில்): ஒற்றைத்தட்டு. இதைச் சாப்பாட்டோடு குழப்பக்கூடாது. இதற்கு முதல் தட்டு கிடையாது.
சுப்ளெமெந்தோ: மேல்விலை. சில இறைச்சி வகைகளுக்குப் பக்கத்திலேயே ‘+3’ என்று எழுதியிருப்பார்கள். வெளி மேசையில் உட்கார்ந்தாலும் சில கடைகளில் உண்டு.

———

இரண்டு சேர்க்கைகள்.

பலகையின் கடைசி வரி ‘போஸ்த்ரே ஓ கஃபே’ என்றிருக்கும். அந்த ஒற்றை எழுத்து ‘ஓ’ என்றால் ‘அல்லது’. நம் வரைவில் ‘இனிப்பு, காபி’ என்று காற்புள்ளி போட்டிருக்கிறது. இரண்டையும் கேட்டால் ஒன்றுக்குத் தனிக்காசு. ‘இனிப்பு அல்லது காபி’ என்றே அச்சாக வேண்டும். சில இடங்களில் ‘இ’ என்று இருக்கும். அங்கே இரண்டும் உண்டு.

அடுத்தது சைவர்களுக்கு. ‘லெந்தேஹாஸ்’ என்பதற்குப் ‘பருப்பு’ என்று மட்டும் எழுதினால் நம்மவர் நம்பிச் சாப்பிட்டுவிடுவார். அதில் பெரும்பாலும் சொரீசோ என்னும் பன்றியிறைச்சித் தொத்திறைச்சி சேர்ந்தே வேகும். துண்டை எடுத்துப் போட்டாலும் சாறு முழுக்க அதன் கொழுப்புதான். ‘என்சலாதா மிஸ்தா’வைக் ‘கலவைக் காய்கறி’ என்று போட்டிருப்பதும் ஆபத்து. பெரும்பாலும் மேலே சூரை மீன் தூவித்தான் வரும். ‘சின் ஆதுன்’, அதாவது சூரை வேண்டாம் என்று முன்பே சொல்லச் சொல்லி அந்தப் பதிவிலேயே எழுதுவோம்.