ஏழு பவுண்டு ஆறு அவுன்ஸ் என்றால் எத்தனை கிலோ?

குடந்தைவாசி:
அமெரிக்காவில் இருக்கும் என் மகளுக்குச் சென்ற வாரம் ஆண் குழந்தை பிறந்தது. எடை 7 பவுண்டு 6 அவுன்ஸ் என்று மருத்துவமனைச் சீட்டில் இருக்கிறது. ஒரு பவுண்டு 0.4536 கிலோ என்பதால் 7.6-ஐ அதனால் பெருக்கினேன், 3.447 கிலோ வந்தது. மாப்பிள்ளையோ 3.345 என்கிறார். நூறு கிராம் எங்கே போயிற்று? இதற்கிடையில் என் தாயார், "பிள்ளையின் எடையைக் கேட்டால் ஏழு பவுன் என்று நகைக் கணக்குச் சொல்கிறாயே" என்கிறார். பவுனும் பவுண்டும் ஒன்றா?

மன்னை நெல்வியாபாரி:
மாப்பிள்ளை சொன்னதே சரி. ஒரு பவுண்டுக்கு 16 அவுன்ஸ், பத்து அன்று. ஆகவே 6-ஐ 16-ஆல் வகுத்து, 7.375 பவுண்டு என்று வைத்துக்கொண்டு 0.45359237-ஆல் பெருக்க வேண்டும். இந்த நீண்ட எண் தோராயமன்று. அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட ஆறு நாடுகள் 1959-இல் உடன்பட்டு வரையறுத்தது. மனக்கணக்கு என்றால், பாதியாக்கி அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். 50 பவுண்டுப் பெட்டிக்கு 22.5 கிலோ வரும், உண்மையில் 22.68. அப்பளமும் காப்பித்தூளும் அடைப்பதற்கு இது போதும்.

தஞ்சை நகைக்கடைக்காரன்:
தாயார் கேட்டதில் பிழையில்லை. ஒரு பவுண்டு மதிப்புள்ள ஆங்கிலேயரின் சாவரின் தங்க நாணயத்தைத்தான் நாம் பவுன் என்கிறோம். அதன் எடை 7.988 கிராம், கடைவீதியில் அது 8 கிராமாகிவிட்டது. எனவே 7 பவுன் 56 கிராம்தான். உலகச் சந்தையில் தங்கத்துக்குச் சொல்லப்படும் அவுன்ஸும் வேறு: அது 31.1 கிராம், குழந்தையை நிறுத்த அவுன்ஸ் 28.35 கிராம்.

குடந்தைவாசி:
நன்றி. பாட்டனாரின் மளிகைக் கணக்கேட்டில் ராத்தல், வீசை என்றெல்லாம் இருக்கிறதே, அவற்றுக்கும் பவுண்டுக்கும் தொடர்பு உண்டா?

மன்னை நெல்வியாபாரி:
ராத்தல் என்பது பவுண்டேதான். ரொட்டியை அரை ராத்தல் என்று கேட்டு வாங்கிய நினைவு பலருக்கும் இருக்கும். சென்னை மாகாணத்து மணங்கு 25 ராத்தல். அதில் எட்டில் ஒரு பங்கு வீசை, அதாவது 3⅛ ராத்தல், ஏறத்தாழ 1.417 கிலோ. வீசைக்கு 40 பலம். 1958 முதல் மெட்ரிக் எடைகள் வரத் தொடங்கியபின் இவை மெல்ல வழக்கொழிந்தன. தாயாரிடம் கிலோவும் வேண்டாம், பவுண்டும் வேண்டாம். கொள்ளுப்பேரன் இரண்டு வீசை பதினான்கு பலம் என்று சொல்லிப் பாருங்கள்.