ஐந்தடி அகலக் கட்டிலுக்கு நான்கு கால்கள் போதுமா?

கேள்வி (நாகர்கோவில்)

வணக்கம். 78 அங்குல நீளமும் 60 அங்குல அகலமும் உள்ள மெத்தைக்கு, தலைமாட்டில் சாய்மானப் பலகையோ அடியில் இழுப்பறையோ இல்லாத எளிய மேடைக் கட்டில் ஒன்றை வீட்டிலேயே செய்ய முனைந்துள்ளேன். இதற்கு முன் ஒரு புத்தக அலமாரியும் இரண்டு முக்காலிகளும் செய்த பழக்கம் மட்டுமே உண்டு.

கால்களுக்கும் சட்டங்களுக்கும் அயனி மரத்தை அறுத்து வாங்கிவிட்டேன். கால்கள் 3 அங்குலச் சதுரம். சட்டங்கள் 5 அங்குல உயரமும் ஒன்றரை அங்குலத் தடிமனும் கொண்டவை. மேலே பரப்புவதற்கு, தூத்துக்குடியில் பழைய பேலட்களை (சரக்கு அடுக்கும் மரத் தட்டுகளை) பிரித்து விற்கும் ஓரிடத்திலிருந்து 40 பைன் பலகைகள் கிடைத்தன. அவை 40 அங்குல நீளமே இருப்பதால், முனையோடு முனை சேர்த்து அடியில் ஒரு துண்டை வைத்துத் திருகாணி அடித்து 60 அங்குலமாக்கிக்கொள்ளலாம் என்பது என் திட்டம். நான்கு மூலைகளிலும் காலின் வெளிப்புறத்திலிருந்து சட்டத்தின் முனைக்குள் மூன்று நீளத் திருகாணிகளை ஏற்றுவேன். நானும் மனைவியும் நான்கு வயது மகளும் படுப்போம். இது தாங்குமா? மரம் காய்ந்துவிட்டதா என்பதை எப்படி அறிவது?

மறுமொழி 1 (தச்சு வேலையில் இருப்பவர், தஞ்சாவூர்)

தம்பி, மரத் தேர்வில் குறை சொல்ல எதுவுமில்லை. வைரம் பாய்ந்த (நடுமரம் முதிர்ந்து கெட்டியான) அயனியைக் கரையான் எளிதில் அண்டாது. படகு கட்டவே பயன்படுகிற மரம் அது. வெளிறு, அதாவது பட்டையை ஒட்டிய வெளிர்நிற மரம், ஒட்டியிருக்கும் ஓரங்களை மட்டும் இழைத்துத் தள்ளிவிடுங்கள், ஏனெனில் துளைக்கும் வண்டு முதலில் நுழைவது அங்கேதான். கோளாறு இரண்டு இடங்களில் இருக்கிறது: ஒன்று மூலை, மற்றொன்று நடு.

சட்டத்தின் முனையில் ஏற்றுகிற திருகாணி, மரத்தின் இழை ஓடும் திசையிலேயே நுழைவதால், இழைகளைக் குறுக்கே கவ்விப் பிடிப்பதில்லை. அவற்றைப் பிளந்துகொண்டு உள்ளே போய் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். கட்டிலை ஒருவர் நகர்த்தும்போதும், குழந்தை ஏறிக் குதிக்கும்போதும் அந்தத் துளை சிறிது சிறிதாக அகன்று, ஓராண்டுக்குள் கிரீச்சிடத் தொடங்கும். ஆகவே காலில் அரை அங்குல ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து, சட்டத்தின் முனை அதில் உட்காருமாறு செய்யுங்கள். பாரம் மரத்தின் மேல் மரமாக இறங்கும், இரும்பின் மேல் விழாது. பிறகு மூலைக்கு இரண்டு 8 மி.மீ. போல்ட்டுகளைக் காலின் வழியாகச் சட்டத்துக்குள் செலுத்தி, சட்டத்தின் உட்பக்கம் ஒரு குழி எடுத்து, அதில் வாசரும் நட்டும் வைத்து முறுக்குங்கள். ஒரு மூலையில் சேரும் இரண்டு சட்டங்களின் போல்ட்டுகளும் காலுக்குள் ஒன்றையொன்று முட்டாதபடி மேலும் கீழுமாகத் தள்ளித் துளையிட வேண்டும். இதை மறந்துவிட்டுக் காலையே மாற்றியவர்கள் உண்டு. மூலையில் பெவிகால் தடவாதீர்கள். வீடு மாற்றும்போது முழுக் கட்டிலும் மாடிப்படித் திருப்பத்தில் திரும்பாது.

இனி நடு. முனையோடு முனை சேர்த்த பலகை, சேர்த்த இடத்தில்தான் முறியும். தலைமாட்டுச் சட்டத்திலிருந்து கால்மாட்டுச் சட்டம் வரை 3 அங்குல அகலத்தில் ஒரு நடுச்சட்டம் ஓடட்டும். அதன் மையத்தில் ஐந்தாவது கால் ஒன்றும் நிற்கட்டும். அதன்பின் உங்கள் 40 அங்குலப் பலகைகளை ஒட்டுப் போடவே தேவையில்லை. ஒவ்வொன்றையும் 30 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக வெட்டி, ஒரு முனை பக்கச் சட்டத்தின் உட்புறம் நீளவாக்கில் அடித்த ரீப்பரிலும் (ஒல்லியான மரச்சட்டத்திலும்) மறுமுனை நடுச்சட்டத்திலும் தாங்குமாறு வைத்தால் போதும். தாங்கும் தூரம் பாதியானால், நடுவில் ஒருவர் கால் ஊன்றும்போது பலகை வளைவது எட்டில் ஒரு பங்காகக் குறையும். பலகைகளை 3 அங்குல அகலத்துக்கு இழைத்து 2 அங்குல இடைவெளி விட்டால், 78 அங்குலத்துக்குச் சரியாக 16 வரிசை, அதாவது 32 துண்டுகள். எட்டுப் பலகை மிஞ்சும்.

மரம் காய்ந்ததா என்று பார்க்கக் கருவி வேண்டியதில்லை. சட்டத்தின் முனையிலிருந்து ஓரங்குலம் தள்ளி ஒரு சிறு துண்டை வெட்டி, அதையும் மற்ற மரத்தையும் ஒரே அறையில் நிழலில் அடுக்கி, அத்துண்டைச் சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை போட்டுக் குறித்துவையுங்கள். சிறு துண்டு விரைவில் காய்ந்துவிடும் என்பதால், அதன் எடை குறைவது நின்ற பிறகும் சட்டங்களுக்குச் சில வாரங்கள் கூடுதலாகக் கொடுங்கள். ஈர மரத்தில் முறுக்கிய நட்டு, மரம் சுருங்கியதும் தானே தளர்ந்துவிடும்.

மறுமொழி 2 (சென்னை)

பேலட் பலகைகளில் சூடு போட்டதுபோல ஒரு முத்திரை இருக்கும். வெட்டுவதற்கு முன் அதைப் பாருங்கள். ‘எச்டி’ என்ற எழுத்துகள் இருந்தால், பூச்சியைக் கொல்ல மரத்தின் உள்ளகம் 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டது என்று பொருள். ‘எம்பி’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு பாய்ச்சப்பட்டது. படுக்கைக்கு அது வேண்டாம். முத்திரையே இல்லாத பலகையையும், எண்ணெயோ இரசாயனமோ சிந்திக் கறைபட்ட பலகையையும் ஒதுக்கிவிடுங்கள். இழைப்புளி போடுமுன் ஆணித் துண்டுகளைக் காந்தம் கொண்டு தேடி எடுங்கள்.

மறுமொழி 3 (கோயம்புத்தூர்)

பலகைக்குப் பதிலாக பிளைவுட் போடலாமே என்று யாராவது சொல்லக்கூடும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். 8 அடிக்கு 4 அடி தாளின் பரப்பு 4608 சதுர அங்குலம், இந்தக் கட்டிலுக்குத் தேவையோ 4680. வெறும் 72 சதுர அங்குலக் குறைவுக்காக இரண்டாவது தாள் வாங்க நேர்ந்தது. அதோடு காற்றோட்டமும் இல்லாததால், மழைக்காலத்தில் தென்னைநார் மெத்தையின் அடிப்பக்கம் பூஞ்சை பிடித்தது. நாகர்கோவில் ஈரக்காற்றுக்கு இடைவெளி விட்ட பலகைதான் பொருந்தும்.

நான் செய்த பெரிய தவறு வேறு. மெத்தை நழுவக்கூடாது என்று, சட்டத்தின் உள்ளளவை மிகச்சரியாக 78க்கு 60 என வைத்து, மெத்தை மூன்று அங்குலம் உள்ளே அமிழுமாறு செய்துவிட்டேன். விளைவு, இன்றுவரை விரிப்பின் ஓரத்தைச் செருகும்போதெல்லாம் விரல் முட்டி உரசித் தோல் போகிறது. உள்ளளவைப் பக்கத்துக்கு அரை அங்குலம் கூட்டி, ஓரங்குல அமிழ்வோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடைகளில் ‘குயின்’ என்ற ஒரே பெயரில் 72, 75, 78 என மூன்று நீளங்கள் உண்டு என்பதால், மெத்தையை நீங்களே அளந்த பிறகு சட்டத்தை வெட்டுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மெத்தையை அளந்தேன், 78தான், தப்பித்தேன். பலகைகளில் ஆறில் முத்திரை இல்லை, மூன்றில் ‘எம்பி’ இருக்கிறது. ஆகவே 31 மட்டுமே தேறின, இன்னும் ஒன்று வேண்டும். ஐந்தாவது காலைப் பற்றி ஒரு ஐயம்: எங்கள் தளம் பழைய மொசைக், அறையின் நடுவில் இலேசாகப் பள்ளம். எல்லாக் கால்களையும் ஒரே உயரத்தில் வெட்டினால் நடுக்கால் தரையைத் தொடாதே?

மறுமொழி 1 (தஞ்சாவூர்)

தொடாதுதான், நீளமாக வெட்டிவிட்டாலோ கட்டில் அதன்மேல் நின்று ஆடும். நடுக்காலை அரை அங்குலம் குட்டையாக வெட்டி, அடியில் ஒரு நட்டைப் புதைத்து, தலை கீழே இருக்குமாறு ஒரு போல்ட்டைத் திருகிவிடுங்கள். கட்டிலை அதன் இடத்தில் போட்ட பிறகு, தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு நடுச்சட்டத்தின் மேல் நூல் பிடித்து, சட்டம் நூலைத் தொடும்வரை போல்ட்டைத் திருகி இறக்குங்கள். போல்ட்டின் தலைக்கடியில் ரப்பர் துண்டு ஒன்று இருந்தால் மொசைக் கீறாது.

ரீப்பரின் மேலும் நடுச்சட்டத்தின் மேலும் பழைய சைக்கிள் டியூபைக் கீறி ஒட்டிவிட்டுப் பலகைகளை வையுங்கள், சத்தம் வராது. கட்டிலைப் பூட்டுவதற்கு முன்பே எல்லாப் பக்கமும் வார்னிஷ் அடித்துவிட வேண்டும். கால்களின் அடிமுனைக்கு மூன்று முறை. வீடு துடைக்கும் தண்ணீரை மரம் அந்த வழியாகத்தான் உறிஞ்சும்.