வாக்கரை விற்கப் போன கதையும் இன்னும் சிலவும்

கனடாவுக்குக் குடிபெயர்ந்தபோது வீட்டுச் சாமான்களோடு மகளின் பேபி வாக்கரும் வந்தது. தள்ளிக்கொண்டு நடக்கிற நடைவண்டியைச் சொல்லவில்லை. நடுவில் குழந்தையை உட்காரவைத்தால் கால் தரையில் பட, சக்கரத்தில் உருண்டோடுமே, அது. புது வீட்டில் மாடிப்படி இருந்ததால் பயந்துகொண்டு அதைப் பிரிக்கவே இல்லை. இடத்தை அடைக்கிறதே என்று ஒருநாள் படம் எடுத்து, 'நல்ல நிலையில் உள்ளது' என்று விற்பனை விளம்பரம் போட்டேன். அரை மணி நேரத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண்மணியிடமிருந்து செய்தி: "இதை இங்கே விற்கக் கூடாது. தயவுசெய்து விளம்பரத்தை எடுத்துவிடுங்கள்."

முதலில் கோபம்தான் வந்தது. தேடிப் பார்த்தால், 2004 ஏப்ரலிலிருந்தே தடை. கடையில் விற்பதற்கு மட்டுமல்ல, இறக்குமதிக்கும் விளம்பரத்துக்கும் பழைய பொருளாக விற்பதற்கும் சேர்த்து. கொண்டுவந்தது ஒன்று, விளம்பரம் செய்தது இரண்டு, விலை சொன்னது மூன்று என்று என் கணக்கை நானே எண்ணிக்கொண்டேன்.

வாக்கரில் உட்கார்ந்த குழந்தை ஒரு நொடியில் ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரம் போய்விடும். பெரியவர் பக்கத்திலேயே நின்றாலும், எட்டிப் பிடிப்பதற்குள் படியில் தலைகுப்புற விழுந்துவிடும். நடக்கப் பழக்கும் என்று நம்பி வாங்குகிறோம்; நடையைத் தாமதப்படுத்தக்கூடும் என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். இவ்வளவும் எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவுக்கும் தெரியும். அங்குள்ள குழந்தை மருத்துவர் சங்கம் தடை கேட்டுக்கொண்டே இருக்கிறது. அரசோ, படி விளிம்பில் வண்டி நின்றுவிட வேண்டும் என்று தரவிதி போட்டுவிட்டு விற்க விட்டிருக்கிறது. உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

* * *

எனக்கு அதே எல்லையில், எதிர்த் திசையில். காரில் அமெரிக்காவுக்குள் போகும்போது பின்னிருக்கையில் அக்கா பிள்ளைகளுக்காக வாங்கிய, உள்ளே பொம்மை வைத்த கிண்டர் சர்ப்ரைஸ் சாக்லேட் முட்டைகள். அதிகாரி ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டினார். உள்ளே பிளாஸ்டிக் கூடு கடகடவென்றது. அவ்வளவுதான், ஆறு முட்டையும் போயிற்று. துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்ட அதே குரலில்தான் முட்டையைப் பற்றியும் கேட்டார் என்பது இன்னும் மறக்கவில்லை. மிட்டாய்க்குள் உண்ண முடியாத பொருளைப் பொதியக் கூடாது என்பது 1938ஆம் ஆண்டுச் சட்டம். இனிப்பு ஒரு பாதி, பொம்மை மறு பாதி என்று பிரித்து அடைத்த கிண்டர் ஜாய் அங்கே தாராளமாகக் கிடைக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், சிலி நாடும் 2016இல் இந்த முட்டைக்குத் தடை போட்டது. ஆனால் தொண்டையில் சிக்கும் என்பதற்காக அல்ல. பொம்மையைக் காட்டிக் குழந்தையிடம் இனிப்பை விற்கக் கூடாது என்பதற்காக.

* * *

சிங்கப்பூரில் சூயிங்கம் மென்றாலே சிறை என்று சொல்லி என்னைப் பயமுறுத்தி அனுப்பினார்கள். விமானத்தை விட்டு இறங்கியதும் வாயில் இருந்ததைத் திருடனைப் போலக் காகிதத்தில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். 1992இல் தடை செய்யப்பட்டது இறக்குமதியும் விற்பனையும்தான், மெல்லுவது குற்றமில்லை. ரயில் கதவின் சென்சாரில் யாரோ ஒட்டிவைத்ததும் தடைக்கு ஒரு காரணமாம். 2004 முதல் மருத்துவப் பயனுள்ள கம் மட்டும் மருந்தாளர், பல் மருத்துவர் வழியாகக் கிடைக்கிறது.

* * *

மூக்கடைப்பு மாத்திரை வைத்திருப்பவர்கள் ஜப்பான் போகுமுன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சூடோஎபிட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் உள்ளே கொண்டுபோகக் கூடாது. நான் புறப்படுவதற்கு முந்தைய இரவுதான் பார்த்தேன். போன இடத்தில் ஒரு வாரமும் வாயால்தான் மூச்சு விட்டேன்.

* * *

நான் எங்கும் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்தே மாட்டிக்கொண்டேன். 'ஐரோப்பாவில் தடை, நமக்கு மட்டும் விஷம்' என்று கைப்பேசியில் வந்த ஒரு பட்டியலை நம்பி, லென்ஸை எடுத்துக்கொண்டு அலமாரியைக் குடைந்தேன். தேடியது இ171, அதாவது வெண்மை தரும் டைட்டானியம் டையாக்சைடு. பற்பசையில் சி.ஐ. 77891 என்ற வேறு பெயரில் ஒளிந்திருந்தது. எரிச்சலில் பற்பசையை வீசியே விட்டேன். பிறகுதான் நிதானமாகப் படித்தேன்: ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் தடுத்தது உணவில் மட்டும், பற்பசையிலும் மாத்திரையிலும் அங்கேயும் இருக்கிறது. தடைக்கு அடிப்படையும் 'தீங்கு நிரூபணமாயிற்று' என்பதல்ல, 'மரபணுவுக்குத் தீங்கு செய்யாது என்று உறுதி சொல்ல முடியவில்லை' என்பதே. அமெரிக்காவில் உணவின் எடையில் ஒரு சதவீதம் வரை சேர்க்கலாம்.

அந்தப் பட்டியல் போடுபவர்கள் மறுபக்கத்தைச் சொல்வதில்லை. அமராந்த் என்ற சிவப்புச் சாயத்தை அமெரிக்கா 1976இலேயே தடை செய்துவிட்டது. ஐரோப்பாவில் சில பொருள்களில் இன்றும் அனுமதி. சைக்லமேட் இனிப்பூட்டியும் அப்படியே. யாருடைய பட்டியலை நம்பி வீட்டைக் காலி செய்வது? அது போகட்டும், முதலில் எழுதியவரே, அந்த வாக்கரை என்ன செய்தீர்கள்? யாருக்காவது சும்மா கொடுத்துவிட்டீர்களா?

* * *

கொடுக்கவில்லை அம்மா. மறுபடி யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி உடைத்துப் போடச் சொல்கிறார்கள். ஸ்குரூ டிரைவரோடு தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றினேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிச் சக்கரம் வரும்போது திரும்பிப் பார்த்தால், முதல் சக்கரம் அவள் வாயில்.