ஆயுதக் குழுவிலிருந்து மீண்ட பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினால் போதுமா?

வளர்மதி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஏழு பேர், கல்லூரிக் காலத்துத் தோழிகள். மூன்று வருடமாக மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்த்திருக்கிறோம். போரில் சிக்கிய பிள்ளைகளின் படிப்புக்குத்தான் அந்தப் பணம் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. யாரிடம் கொடுப்பது என்பதில்தான் சிக்கல்.

ஓர் அமைப்பு, ஆயுதக் குழுவிலிருந்து மீண்டு வந்த ஒரு பிள்ளையை எங்கள் பெயரில் ஒதுக்கித் தருகிறது. கட்டணம், சீருடை, புத்தகம் எல்லாம் அந்தப் பிள்ளைக்கே. வருடத்துக்கு இரண்டு முறை பிள்ளையின் படமும் கடிதமும் வரும். இன்னோர் அமைப்பு அப்படி எதுவும் தராது. பணம் பள்ளிக்குப் போகும், எந்தப் பிள்ளைக்குப் போனது என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள்.

ஐந்து பேர் முதலாவதைச் சொல்கிறார்கள். "படிப்பு வந்தால் வறுமை போகும், வறுமை போனால் துப்பாக்கி போகும்" என்பது அவர்கள் கணக்கு. எனக்கு அது மனசுக்கு ஒட்டவில்லை. உலகத்தில் ஏழைப் பிள்ளைகள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், எல்லோருமா துப்பாக்கி தூக்கினார்கள்? இதில் நேரடி அனுபவம் உள்ளவர்கள் யாராவது சொல்லுங்கள்.

அருள்செல்வன்

சட்டப் பக்கம் மட்டும் சொல்லிவிடுகிறேன். 1989இல் வந்த குழந்தை உரிமை உடன்படிக்கை, 15 வயது நிரம்பாதவர்களைப் படையில் சேர்க்கக் கூடாது என்றது. 2000இல் ஏற்கப்பட்டு 2002 பிப்ரவரி 12இல் நடைமுறைக்கு வந்த கூடுதல் நெறிமுறை, அரசுப் படைகளின் கட்டாய ஆள்சேர்ப்புக்கு வயதை 18 ஆக்கியது. ஆயுதக் குழுக்களோ 18 வயதுக்குக் கீழ் யாரையும் எந்த வகையிலும் சேர்க்கக் கூடாது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் முதல் தீர்ப்பே இந்தக் குற்றத்துக்குத்தான். கொங்கோவின் தாமஸ் லுபாங்கா 2012இல் 14 ஆண்டு தண்டனை பெற்றார்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். படையில் சிக்கிய பிள்ளைகளைக் காப்பது பற்றிய 2007இன் பாரிஸ் கோட்பாடுகளின்படி, துப்பாக்கி ஏந்திய பிள்ளை மட்டுமே படைச்சிறார் என்பதில்லை. குழுவுக்குச் சமைத்தவள், சுமை தூக்கியவன், சேதி கொண்டுபோனவன், பாலியல் அடிமையாக வைக்கப்பட்டவள் எல்லோரும் இதில் அடக்கம். 2005 முதல் 2022 வரை இப்படிச் சேர்க்கப்பட்டதாக ஐ.நா. சரிபார்த்து உறுதி செய்த பிள்ளைகள் மட்டும் 1,05,000க்கு மேல்.

பழைய கணக்காளர்

வளர்மதி அம்மா, நீங்கள் சந்தேகப்படுவது சரி. 2007 முதல் 2011 வரை வடக்கு உகாண்டாவில், குலு நகரில், ஒரு தொண்டு அமைப்பில் கணக்காளராக இருந்தேன். ஆசிரியர் வேலையோ மனநல ஆலோசகர் வேலையோ நான் பார்த்ததில்லை. என் கையில் இருந்தது வவுச்சர் கட்டும் பதிவேடும். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவற்றின் வழியாகத் தெரிந்ததுதான்.

முதலில், வறுமை போனால் துப்பாக்கி போகும் என்ற உங்கள் தோழிகளின் கணக்கு. உகாண்டாவில் ஜோசப் கோனியின் எல்.ஆர்.ஏ. என்ற கிளர்ச்சிப் படைக்குப் போன பிள்ளைகளில் பெரும்பாலோர் வறுமையால் போகவில்லை. தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் படையின் டொமினிக் ஓங்வென் என்ற தளபதி பின்னாளில் போர்க்குற்றங்களுக்காக 2021இல் 25 ஆண்டு தண்டனை பெற்றார். அவரே சின்னப் பையனாகப் பள்ளிக்குப் போகிற வழியில் கடத்தப்பட்டவர். 1996 அக்டோபரில் அபோக்கே ஊரின் பெண்கள் பள்ளி விடுதியில் ஓர் இரவில் 139 மாணவிகளைக் கொண்டுபோனார்கள். துணைத் தலைமை ஆசிரியையாக இருந்த கன்னியர் ரக்கேலே ஃபஸ்ஸேரா காட்டுக்குள் பின்தொடர்ந்து போய், கெஞ்சி மன்றாடி 109 பேரை மீட்டு வந்தார். 30 பேரை விடவில்லை. அங்கே பள்ளிக்கூடமே வேட்டைக்களம். "பள்ளியில் இருந்தால் பத்திரம்" என்று அந்தத் தாய்மாரிடம் யாரும் சொல்ல முடியாது.

கிழக்குக் கொங்கோவில் நிலைமை வேறு. பள்ளிக் கட்டணம் கட்ட வழியில்லாமல் வீட்டில் உட்கார்ந்து, வேறு போக்கிடம் இல்லாமல் குழுவில் சேர்ந்த பெண் பிள்ளைகள் அங்கே உண்டு. அங்கே கட்டணம் கட்டுவது உண்மையிலேயே ஒரு வாசலை அடைக்கும். ஆகவே எந்தப் போர், பிள்ளை எப்படிப் போனது என்று கேட்காமல் ஒரே மருந்தை எழுதக் கூடாது.

சரி, திரும்பி வந்த பிறகு? இங்கேதான் உங்கள் கேள்விக்கு என் பதில் இருக்கிறது.

எங்கள் திட்டத்தில் நான்காம் வகுப்பில் சேர்ந்த ஒரு பையன். வயது பதினேழு. பெயர் சொல்ல மாட்டேன். உதவித்தொகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வந்தவன், வயதுக் கட்டத்தைக் காட்டி, "பதின்மூன்று என்று எழுதுங்கள்" என்றான். முடியாது தம்பி, தணிக்கை வரும் என்றேன். "பதினேழு என்று போட்டால், நடுவில் நாலு வருஷம் எங்கே இருந்தாய் என்று கேட்பார்கள்" என்றான். நான் பதினேழு என்றே எழுதினேன். பிறகு, நன்கொடையாளருக்குக் காட்டுவதற்காகப் பயனாளிகள் பட்டியலைப் பள்ளி அலுவலகச் சுவரில் ஒட்டச் சொன்னது எங்கள் தலைமை அலுவலகம். மேலே திட்டத்தின் பெயர், கீழே பதினொரு பெயர்கள், வயதோடு. அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தவன் நான். மூன்றாம் வாரம் அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். விசாரித்தபோது சக மாணவர்கள் அவனை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று ஆசிரியர் சொன்னார். இங்கே எழுத மனசு வரவில்லை.

அம்மா, உங்களுக்கு வரப்போகும் படமும் கடிதமும் அந்தப் பட்டியலின் இன்னொரு பிரதி. நீங்கள் நல்ல மனசோடுதான் கேட்கிறீர்கள். ஆனால் அந்தப் பிள்ளை ஒவ்வொரு முறையும் "நான் படையிலிருந்து வந்தவன்" என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று. உகாண்டாவில் படையை விட்டு வருகிறவர்களுக்காக 2000இல் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. திரும்பியவர்களுக்குச் சான்றிதழோடு மெத்தை, போர்வை, மண்வெட்டி, கொஞ்சம் பணம். அவர்கள் வந்து சேர்ந்த அதே இடம்பெயர்ந்தோர் முகாமில் வீடு எரிந்தவர், மகனைப் பறிகொடுத்தவர் எல்லோரும் கோரைப் பாயில் படுத்திருந்தார்கள். எரித்தவனுக்கு மெத்தையா என்று அவர்கள் கேட்டதில் என்ன தப்பு? அந்த ஆத்திரம் போய் விடிவது அந்தப் பிள்ளையின் தலையில். மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில், போருக்குப் பின், இதை யோசித்துத்தான் செய்தார்கள். மீண்ட பிள்ளைகளைக் கட்டணம் வாங்காமல் சேர்த்துக்கொண்ட பள்ளிக்கு யுனிசெஃப் பாடப்பொருளும் விளையாட்டுச் சாமானும் மொத்தமாகக் கொடுத்தது. கரும்பலகை, நோட்டு, பந்து எல்லாம் வகுப்பு முழுவதற்கும். அவன் வந்ததால் எங்களுக்கும் பந்து வந்தது என்று மற்றப் பிள்ளைகள் நினைக்கிற மாதிரி.

என்னைக் கேட்டால் இரண்டாவது அமைப்புக்கே கொடுங்கள்.

மல்லிகா டீச்சர்

கணக்காளர் ஐயா எழுதியதைப் படித்துக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஓர் ஆசிரியையாக ஒன்றைச் சேர்க்கிறேன். பதினேழு வயதுப் பிள்ளையை ஒன்பது வயதுப் பிள்ளைகளோடு உட்கார வைத்ததே முதல் தவறு. அந்தச் சிறிய பெஞ்சில் முட்டி இடிக்கிற ஒவ்வொரு முறையும் அவனுக்குத் தன் வயது நினைவுக்கு வரும். சியரா லியோனில் போருக்குப் பின் ஆறு வருட ஆரம்பக் கல்வியை மூன்று வருடத்தில் முடிக்கும் விரைவு வகுப்புகள் நடத்தினார்கள். போரால் படிப்பு விட்டுப்போன யாரும் சேரலாம் என்பதால் யார் எங்கிருந்து வந்தார் என்ற கேள்வியே எழாது. நீங்கள் கொடுக்கப் போகும் பள்ளியில் அப்படி ஒரு வகுப்பு இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள், வளர்மதி.

இளங்கோ

மன்னிக்கணும், எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. பள்ளி பள்ளி என்கிறோம். இருபது வயதில் திரும்பி வருகிறவனுக்கு அ, ஆ எதற்கு? அவனுக்கு உடனே வேலை வேண்டும். தொழில் கற்றுக்கொடுத்துக் கையில் கருவி கொடுப்பதுதான் வறுமையை ஒழிக்கும் வழி.

பழைய கணக்காளர்

இளங்கோ தம்பி, நானும் அப்படித்தான் நம்பினேன். முப்பது பேருக்கு ஆறு மாதம் தையல் பயிற்சி, முடிவில் ஆளுக்கு ஒரு தையல் மிஷின். ஒவ்வொரு மிஷினின் அடியிலும் வெள்ளைப் பெயிண்டில் எண் எழுதியது நான்தான். எட்டு மாதம் கழித்துச் சரிபார்க்கப் போனபோது, ஒரே வியாபாரியின் கிடங்கில் பதினான்கு மிஷின்கள் வரிசையாக இருந்தன. குனிந்து பார்த்தேன், என் கையெழுத்து. மோசடி என்று அறிக்கை எழுதச் சொன்னார்கள்.

எழுதுவதற்கு முன் விற்றவர்களைப் போய்ப் பார்த்தேன். ஒரு பெண் சொன்னாள்: "எங்கள் கிராமத்தில் நாங்கள் ஐந்து தையல்காரர்கள். துணி தைக்கக் கொடுப்பவர் வாரத்துக்கு ஒருவர்." அவள் மிஷினை விற்று இரண்டு ஆடு வாங்கியிருந்தாள். இன்னொருவன் ஒரு சைக்கிள் வாங்கி, ஆளையும் மூட்டையையும் ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தான். அவர்களுக்குத் தெரிந்த சந்தை எங்களுக்குத் தெரியவில்லை. அறிக்கையில் மோசடி என்ற சொல்லை நான் எழுதவில்லை.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. வடக்கு உகாண்டாவில் இளைஞர்கள் குழுவாகச் சேர்ந்து தாங்களே தொழில் திட்டம் எழுதிக் கொடுக்க, தலைக்குச் சுமார் 382 டாலர் ரொக்கமாக அரசு கொடுத்தது. யாருக்குக் கிடைத்தது என்பது குலுக்கல். ஆய்வாளர் கிறிஸ்டோபர் பிளாட்மேன் குழுவினர் தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். நாலு வருடத்தில் பணம் பெற்றவர்களின் வருமானம் பெறாதவர்களைவிட 38 சதவீதம் கூடுதல். அதே பிளாட்மேன் ஜீனி அன்னனோடு சேர்ந்து, கடத்தப்பட்டவர்களையும் கடத்தப்படாதவர்களையும் ஒப்பிட்டார். கடத்தப்பட்டவர்கள் ஏறத்தாழ ஒரு வருடப் படிப்பை இழந்திருந்தார்கள், சம்பாத்தியம் மூன்றில் ஒரு பங்கு குறைவு. பெரும்பாலோர் மனசு உடைந்து கிடக்கவில்லை. பெரிய இழப்பு படிப்பிலும் பிழைப்பிலும்தான். அதனால் ஒன்றை விட்டு இன்னொன்று என்று நான் சொல்ல மாட்டேன்.

இளங்கோ

ஐயா, அந்த ரொக்க ஆய்வை நானும் படித்திருக்கிறேன். ஒன்பது வருடம் கழித்துப் பார்த்தபோது பணம் பெறாதவர்களும் வருமானத்தில் எட்டிப் பிடித்துவிட்டார்களே. அதையும் சொல்ல வேண்டாமா?

பழைய கணக்காளர்

சொல்லத்தான் வேண்டும், விட்டுவிட்டேன். வருமான வித்தியாசம் பெரும்பாலும் மறைந்தது உண்மை. ஆனால் போரிலிருந்து வந்தவனுக்கு அந்த முதல் சில வருடம்தான் உயிர்நாடி. லைபீரியாவைப் பாருங்கள். முன்னாள் போராளிகளுக்கு விவசாயப் பயிற்சியும் பொருளும் கொடுத்தார்கள். 2010-11இல் பக்கத்து நாடான கோட் டிவாரில் சண்டை மூண்டதும் கூலிப்படைக்கு ஆள்பிடிப்பவர்கள் வந்தார்கள். பயிற்சி பெற்றவர்களில், பொருள் இன்னும் வரவேண்டும் என்று காத்திருந்தவர்கள்தான் அந்த ஆள்பிடிப்பிலிருந்து அதிகம் விலகி நின்றார்கள். வரப்போகிற ஒன்று இருந்தது, அதை விட்டுவிட்டுப் போக மனசில்லை. எங்கள் அமைப்பு மிஷினைக் கொடுத்த அன்றே கோப்பை மூடியது. இரண்டு தவணையாகக் கொடுத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

செந்தாமரை

எல்லோரும் பையன் பையன் என்றே எழுதுகிறீர்கள். சியரா லியோனில் போராளிகள் துப்பாக்கியை ஒப்படைத்துப் பதிந்துகொண்ட ஆயுதக் களைவில் பதிவான பிள்ளைகள் 6,845 பேர். பெண் பிள்ளைகள் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. காட்டில் அவர்கள் இல்லாமலா இருந்தார்கள்? ஒப்படைக்கக் கையில் துப்பாக்கி இல்லை, மடியில் குழந்தை இருந்தது. வரிசையில் நின்றால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று ஒதுங்கிப் போனவர்களும் உண்டு. இலங்கையில் 2009இல் போர் முடிந்தபின் புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்ட 594 சிறாரிலும் பெண் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களைப் பற்றி நம் மொழியிலேயே எவ்வளவு குறைவாகப் பேசுகிறோம்!

வளர்மதி அக்கா, கைக்குழந்தையோடு வருகிற பெண் வகுப்பில் இருக்கும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அந்தப் பள்ளியில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஆள் இல்லை என்றால், உங்கள் பணத்தில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

வளர்மதி

தோழிகள் ஆறு பேருக்கும் இந்தத் திரியை அனுப்பிவிட்டேன். படமும் கடிதமும் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவள்தான் முதலில் அழைத்தாள். அந்தப் பையன் பிறகு பள்ளிக்குத் திரும்பி வந்தானா என்று ஐயாவிடம் கேட்கச் சொன்னாள்.

இரண்டாவது அமைப்புக்கு இன்று இரவே மூன்று கேள்வி எழுதி அனுப்பினேன். விரைவு வகுப்பு உண்டா, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா, பயனாளிகள் பெயர் எங்காவது ஒட்டப்படுமா. பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.

பழைய கணக்காளர்

இல்லை அம்மா, பள்ளிக்கு அவன் திரும்பவில்லை. 2010இல் ஒருமுறை குலு பேருந்து நிலையத்தில் பார்த்தேன். மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, கூலி ரசீதில் தன் பெயரை எழுதிக் காட்டினான். எல்லா எழுத்தும் சரியாக இருந்தது. மூன்றாவது கேள்விக்கு அவர்கள் என்ன பதில் சொல்கிறார்கள் என்று எனக்கும் தெரிய வேண்டும்.